சேவல் குடித்துப் பிழைத்த கஷாயம்

மலாக்காவில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மூலிகைச் சாற்றைக் குழாய் வழியாக வெள்ளெலியின் வயிற்றில் இறக்கி, அது சாகிறதா பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பச்சிலை ஒன்றும் செய்யாது என்று பேசுகிறவர்களை அங்கே ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

எங்கள் ஊரான சுங்கை ரம்பாயில் அப்பா அண்ணனோடு இருந்தார். அவருடைய சர்க்கரை நோய்க்காக அண்ணன் ஏதோ காட்டு வேரைக் கஷாயம் போடுவதாகக் கேள்விப்பட்டு, ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். தலைமை ஆய்வாளரின் அனுமதியோடு எலிகளுக்குக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் ஓர் எலி வில்லாய் வளைந்து, கூண்டுக் கம்பியில் மண்டையை மோதி மோதி, மூக்கில் ரத்தம் வடியச் செத்தது. மற்றவை துடிப்பதைப் பார்க்க முடியாமல் நானே கழுத்தை முறித்தேன். அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

அண்ணன் அசரவில்லை. "நான் என்ன மடையனாடா? ஒரு வாரமா சேவலுக்கு ஊத்திப் பாத்துட்டு, இன்னிக்குத்தான் அப்பாவுக்குக் குடுக்கப்போறேன். அது இன்னும் கூவிக்கிட்டுத்தான்லா திரியுது."

எஸ்டேட்டில் இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அதுதான் சோதனை. காளானோ காட்டுக் கீரையோ, முதலில் கோழிக்குத்தான். மனிதனைக் கொல்லும் சில விஷங்கள் கோழியை ஒன்றும் செய்யாது என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "படிச்ச திமிரு" என்று கன்னத்தில் அறைந்தான்.

அடுப்பிலிருந்த சட்டியை எட்டி உதைத்தேன். கொதிக்கும் கஷாயம் அவன் காலில் கொட்டியது. அலறிக்கொண்டே என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, கைக்குக் கிடைத்த அவன் விரலைக் கடித்தேன்.

மேசையில் ஆற வைத்திருந்த கிளாஸை அப்பா எடுத்தார். "இதுக்குத்தானே அடிச்சிக்கிறீங்க? நான் குடிச்சிடுறேன். நிறுத்துங்க ரெண்டு பேரும்."

வாயில் வைத்துவிட்டார். ஓங்கி ஓர் அறை விட்டேன். கிளாஸ் உடைந்து அவர் உதடு கிழிந்தது. அதற்குள் இரண்டு மடக்கு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரிலேயே அவருக்கு இழுப்பு வந்தது.

எப்படியோ பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் உதட்டில் என்ன காயம் என்று தாதி கேட்டாள்.

"சின்னவன் அடிச்சிட்டாம்மா."

"கஷாயம் யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. நானே போட்டுக் குடிச்சேன்."

கட்டுப் போட்ட காலோடு பக்கத்தில் நின்ற அண்ணன் அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். பெற்ற அப்பா என்றும் பாராமல் இன்னோர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.