கடலுக்குள் போன வாய்க்கால்

என் சித்தியின் அலுவலகத்தில் வரைபட வேலை பார்த்த கம்ப்யூட்டர் தம்பி வேலையை விட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை. வாரம் தொடங்கும்போதே யாராவது வேலையை விடுவார்களா என்று சித்தி அதன்பிறகு பல மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் காலையில் வந்தான். மேசை இழுப்பறையிலிருந்து சார்ஜரையும் ஒரு சீப்பையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, மத்தியானம் விமானம் என்று சொல்லி எல்லோருக்கும் கைகொடுத்தான். சித்தியிடம் மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னான்.

"மேப் எல்லாம் ஆன்லைன் காப்பகத்துல இருக்குக்கா. நீங்களே எறக்கிக்கலாம். ரொம்ப ஈஸி."

சித்தி தலையாட்டினாள். ஒரு மரியாதைக்கு ஆட்டியதுதான். அதை இன்ஜினியர் மேடம் பார்த்துவிட்டார். வடிகால் பிரிவில் தபால் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்த சித்தியின் தலையில் அன்று மாலைக்குள் வரைபட வேலையும் வந்து விழுந்தது.

சித்தியை அலுவலகத்தில் 'ஒண்ணு போதும் அக்கா' என்பார்கள். எதையும் இரண்டாக வைத்துக்கொள்ள மாட்டாள். மேசையில் ஒரு பேனா, ஒரு ரப்பர் முத்திரை. வீட்டில் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு தம்ளர். அங்கே தங்க நான் போய்ச் சேர்ந்ததும் எனக்காக ஒரு தட்டு வாங்கினாள். நான் கிளம்பும்போது அதையும் கையோடு கொடுத்து அனுப்பிவிடுவாளோ என்று சித்தப்பா கேலி செய்வார். மாலையில் அலுவலகத்தைப் பூட்டும் முன் மேசையைத் துடைப்பது, குப்பைக்கூடையைக் கொட்டுவது, கம்ப்யூட்டரில் இருக்கும் குப்பைத்தொட்டியையும் காலி செய்வது, இந்த மூன்றும் செய்யாமல் செருப்பை மாட்டமாட்டாள்.

இது வெறும் சுத்தக் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மழைக்காலத்தில் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்தபிறகுதான் காரணம் புரிந்தது. பெரிய மழை பெய்தால் சமையலறைக்குள் தண்ணீர் வந்துவிடும். தரையில் இருப்பதை எல்லாம் கட்டில் மேல், அலமாரி மேல், சில சமயம் சித்தப்பாவின் மடிமேல் ஏற்ற வேண்டும். இரண்டாவதாக ஒரு பொருள் இருந்தால் அதைத் தூக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும். கல்யாணமான முதல் மழைக்காலத்திலேயே சித்தி இந்தக் கணக்குக்கு வந்துவிட்டாள்.

சித்தப்பா பேருந்துப் பணிமனையில் பெயின்டர். அவருக்கு வேறு மாதிரி யோசனை. தண்ணீர் கூரையிலிருந்துதான் சுவர் வழியாக இறங்குகிறது என்று முடிவுகட்டி, பணிமனையில் மிஞ்சிய பச்சைப் பெயின்டை வாங்கிவந்து மொட்டைமாடி முழுவதும் பூசினார். சித்தி கீழே நின்று ஒரு பூச்சு போதும் என்றாள். அவர் இரண்டு பூசினார். தெருவில் மற்ற மாடிகளெல்லாம் சாம்பல் நிறம். எங்களுடையது மட்டும் பாசி பிடித்த குளம் மாதிரி இருந்தது. தண்ணீர் மட்டும் வழக்கம்போலக் கீழேதான் வந்தது.

இந்த ஆண்டு அதற்கு ஒரு விடிவு வரும்போல இருந்தது. எங்கள் குடியிருப்புக்குப் புது வடிகால் தோண்டப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முன்பு அந்தப் பகுதியில் ஓடி, பிறகு தூர்ந்துபோன வாய்க்காலின் வரைபடத்தை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை பக்கத்து வட்டத்துக்குப் போய்விடும்.

"பழைய வாய்க்கால் எங்க போச்சோ அங்கதான் தோண்டணும். நடுவுல வீடு இருந்தா வீடு போகும், பார்த்துக்குங்க" என்றார் இன்ஜினியர் மேடம்.

"வாய்க்கால் மேல எவனாவது வீடு கட்டுவானா மேடம்?" என்று கேட்டுச் சித்தி சிரித்திருக்கிறாள். வாய்க்கால் எங்கள் வாசலுக்கு முன்னால், தெருவோரமாகத்தான் ஓடியது என்று தெருவில் எல்லோருமே சொல்வார்கள். யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் சொன்னார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் சித்தி என்னைத் தன் அலுவலகத்துக்கு வரச்சொன்னாள். நான் அப்போதுதான் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி, வேலை எதுவும் அமையாமல் அவள் வீட்டில் தங்கியிருந்தேன்.

"ஊரெல்லாம் சுத்துனவளுக்கு மேப் தெரியாதா? வந்து உட்காருடி."

எனக்குத் தெரிந்த வரைபடம் கைபேசியில் நீலப் புள்ளியைப் பின்தொடர்ந்து நடப்பது. அதிலேயே நான் வேறு ஊரில் போய் இறங்கியிருக்கிறேன். அதைச் சொன்னால் நம்பவில்லை.

காப்பகத்தின் பக்கம் திறந்தது. தேடும் கட்டத்தில் 'வாய்க்கால்' என்று அடித்தோம். எதுவும் இல்லை என்றது. 'கால்வாய்' என்று அடித்தோம். ஒரு பழைய படகுத்துறையின் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. பச்சைக்கிளி என்று எங்கள் குடியிருப்பின் பெயரை அடித்தபோது, வேறு ஏதோ கண்டத்தில் பெயரில் 'கிளி' வரும் ஒரு மலையைக் காட்டி, இதுவா என்று கேட்டது. சித்தி இல்லை என்று பதில் சொன்னாள், வாயால்.

பிறகு வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரையச் சொன்னது. சித்தி மவுஸை இழுத்தாள். விரலை எடுக்க மறந்ததில் கட்டம் விரிந்துகொண்டே போய்ப் பாதிக் கடலையும் மூன்று நாடுகளையும் வளைத்துக்கொண்டது. இடம் மிகப் பெரியது, சிறியதாக வரையவும் என்றது பக்கம். மறுபடி வரைந்தாள். இம்முறை கட்டம் ஒரு எறும்பு அளவுக்கு வந்தது. இதற்குள் தரவு இல்லை என்றது.

"என்னதான் வேணுமாம் இதுக்கு?"

நடுவாக ஒன்று வரைந்தோம். நீர்வழிகள் என்று ஒரு வரி வந்தது. அதைத் தொட்டால் எந்த வடிவத்தில் வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல். எல்லாமே மருந்துப் பெயர் மாதிரி இருந்தன. சித்தி முதலாவதைத் தேர்ந்தெடுத்தாள். கூடையில் சேர்க்கவா என்று கேட்டதும் கையை எடுத்துவிட்டாள். கடை என்று பயந்துவிட்டாள். இலவசம் என்று அடியில் எழுதியிருந்ததை நான் காட்டிய பிறகு, இலவசத்துக்கு எதுக்குடி கூடை என்றாள்.

உங்கள் வேண்டுகோள் வரிசையில் இருக்கிறது, மின்னஞ்சலில் இணைப்பு வரும் என்று சொல்லிவிட்டுப் பக்கம் ஓய்ந்தது. இரண்டு நாள் வரவில்லை. வேண்டாத அஞ்சல்களுக்குள், முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே அது கிடந்ததை மூன்றாம் நாள் சித்தியே கண்டுபிடித்தாள். எனக்காகக் காத்திருக்காமல் இறக்கியும் விட்டாள். எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது குரலில் அப்படி ஒரு மிடுக்கு.

மறுநாள் காலையில் இன்ஜினியர் மேடமும் நானும் பின்னால் நிற்க, அவள் கோப்பைத் திறந்தாள். கோப்பில் ஏதோ குறை இருக்கிறது, சரிசெய்துகொள்ளவா என்று மென்பொருள் கேட்டது. சரி என்றோம். பிறகு இது எந்த இடம் என்று தெரியவில்லை, உத்தேசமாக வைக்கவா என்று கேட்டது. அதற்கும் சரி என்றோம். வாய்க்கால் வந்தது. அழகாக, இரண்டு வளைவோடு, நீல நிறத்தில். அதைச் சுற்றித் தெரு இல்லை. வீடு இல்லை. படத்தைச் சுருக்கிக்கொண்டே போனோம். கரையிலிருந்து வெகுதூரத்தில், நடுக்கடலில் அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு, "இங்க தோண்டுனா நிச்சயமா தண்ணி வடியாது" என்றார்.

காப்பகத்தில் இருப்பதே தப்பான படம் என்று முடிவு செய்தோம். வேறு என்ன நினைக்க முடியும்? மறுபடி இறக்கப் போனால், அந்த இணைப்பு ஒருமுறைதான் வேலை செய்யும் என்றது. புதிதாகக் கேட்டால் பராமரிப்புப் பணி நடக்கிறது, பிறகு வாருங்கள் என்றது. சித்தி திரையைப் படம்பிடித்துக் கம்ப்யூட்டர் தம்பியின் எண்ணுக்கு அனுப்பினாள். 'தம்பி, நம்ம பச்சைக்கிளி குடியிருப்பு வாய்க்கால் கடல்ல இருக்கு. என்ன பண்ணட்டும்?' ஒற்றை டிக்தான் விழுந்தது, செய்தி போய்ச் சேரவில்லை. அவன் அங்கே போனதும் எண்ணை மாற்றிவிட்டான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். ஆனாலும் சித்தி அன்றாடம் ஒருமுறை அந்த ஒற்றை டிக்கைத் திறந்து பார்ப்பாள்.

மாதக் கடைசி நெருங்கியது. கடைசியில் சித்திக்கு ஒரு யோசனை வந்தது. வாய்க்காலின் வடிவம் சரியாகத்தானே இருக்கிறது, இடம்தானே தப்பு? கடலில் கிடந்ததை அப்படியே அச்செடுத்தாள். எங்கள் குடியிருப்பின் படத்தையும் அதே அளவில் அச்செடுத்தாள். இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் மேலும் கீழும் நகர்த்தினாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா பின்னால் நின்று, கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று பேருந்தைப் பின்னால் எடுக்கிறவர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் வாய்க்காலின் வளைவும் எங்கள் தெருவின் வளைவும் ஒன்றாய்ப் பொருந்தின.

"இதான். வாசல்லதான் போகுது. எல்லாரும் சொன்னது சரிதான்" என்றாள் சித்தி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒட்டுநாடா போட்டு ஒட்டினோம்.

மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடலுக்கு இது தேவலை என்று கையெழுத்துப் போட்டார்.

வேலை நடந்தது. இயந்திரம் வந்து வாசலைத் தோண்டிப்போட்டது. நாங்கள் பல வாரங்கள் பலகை மேல் நடந்து வீட்டுக்குள் போனோம். புது வடிகாலுக்குக் கான்கிரீட் மூடி போட்ட அன்று, சித்தி கடைக்குப் போய் ஒரு தரைவிரிப்பு வாங்கிவந்தாள். கூடவே இன்னொன்றும். நான் சித்தப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒன்றைச் சமையலறையில் விரித்தாள், இன்னொன்றை மாற்றுக்கென்று அதன் பக்கத்திலேயே மடித்து வைத்தாள். அந்த வீட்டில் நான் பார்த்த முதல் உபரிப் பொருள் அது.

மழை வந்தது. வாசல் வடிகாலில் தண்ணீர் நன்றாகவே ஓடியது. தெருவில் தண்ணீர் தேங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சித்தியைக் கூப்பிட்டுக் கைபிடித்துப் பேசினார்கள். அவள் பேசிவிட்டு உள்ளே வந்தாள். சமையலறையில் இரண்டு விரிப்புகளும் மிதந்துகொண்டிருந்தன.

வாசல் வழியாக ஒரு சொட்டு வரவில்லை. சுவரில் ஈரமில்லை. கூரை ஒழுகவில்லை. அடுப்பு மேடைக்குக் கீழே, தரைக்கல் இடுக்குகளின் வழியாகத் தண்ணீர் மெதுவாக ஊறி எழுந்துகொண்டிருந்தது. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு மூன்றாவது பூச்சு போடலாமா என்று கேட்டார். சித்தி சிரிக்கவில்லை.

"எங்கேர்ந்துடி வருது?"

நான் தரையைத் தட்டிப் பார்த்தேன். மேடம் வந்து வடிகாலைப் பார்த்துவிட்டுப் போனார். குழாய் பழுதா என்று பார்க்க ஒருவர் வந்தார், இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கும் வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. சித்தி பழையபடி ஒன்று போதும் என்ற நிலைக்குத் திரும்பினாள். விரிப்புகளில் ஒன்றைக் காயவைத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

இதற்கிடையே எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. விடுமுறைக்கு வந்திருந்தபோது மறுபடி ஒரு பெரிய மழை. சித்தி முழங்கை வரை நனைந்து, வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அலமாரி மேலிருந்த அவள் கைபேசி அதிர்ந்தது. கையெல்லாம் ஈரமா இருக்கு, யாருன்னு பாரு என்றாள். கம்ப்யூட்டர் தம்பி. முதலில் ஒரு படம்: மேலிருந்து எடுத்த எங்கள் குடியிருப்பு, அதன் குறுக்கே இரண்டு வளைவோடு ஒரு நீலக் கோடு. அதன் கீழே எழுதியிருந்ததைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அக்கா, பழைய சிம்மை இன்னைக்குத்தான் போட்டேன், மன்னிச்சிடுங்க. நீங்க அனுப்புன படத்துல ஒரு ஃபைல்தான் இருக்கு. ஒரே பேர்ல நாலஞ்சு வந்திருக்குமே, மத்ததை எல்லாம் டபுள்னு அழிச்சிட்டீங்களா? அதுல ரொம்பச் சின்னதா ஒண்ணு இருக்கும், அதுதான் மேப்பை எங்க வைக்கணும்னு சொல்லும். பரவாயில்ல, நானே எறக்கிப் போட்டுப் பார்த்துட்டேன். வாய்க்கால் தெருவுலயே இல்லக்கா, வீடுங்களுக்கு அடியில போகுது. அந்தப் பச்சை மாடி வீடு இருக்கு பாருங்க, அதுக்கு நேர் கீழ. பாவம், யார் வீடுன்னு விசாரிச்சு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."