கேட்காத நாலு சனிக்கிழமை

அந்த பேஸ் கிடார் கல்கத்தாவிலிருந்து ரயில் பார்சலில் வந்தது. பலகைப் பெட்டியைத் திறந்தால் வைக்கோலுக்கு நடுவில் செந்நிறப் பாலிஷோடு படுத்திருந்தது. நாலே நாலு கம்பி. ஒவ்வொன்றும் சைக்கிள் பிரேக் கம்பி தடிமன். நான் அப்போது அம்பத்தூரில் ஒரு பட்டறையில் டர்னர். கடைசல் மெஷினில் நாள் முழுக்க இரும்பைச் சீவுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும். கழுத்துப் பலகையில் பதித்திருந்த பித்தளைக் கட்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை வெர்னியர் வைத்து அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மேலே அகலம், கீழே வரவரக் குறுகல். திருகாணியில் நூல் என்கிற சுற்றுப் பள்ளத்தை வெட்டும்போது இடைவெளி மாறினால் அந்த உருப்படியைக் கழித்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். கல்கத்தாக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டி, அளவுகளையெல்லாம் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் குறித்துக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினேன்.

மாஸ்டர் என்று நான் சொல்வது எங்கள் பாட்டுக் கோஷ்டியை நடத்தியவரை. ஆவடியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியம், மற்ற நாளில் எங்களோடு அக்கார்டியன். அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "டேய் டர்னரே, உலகத்துல எல்லா கிடாரும் இப்படித்தான்டா இருக்கும். சமமா இருந்தா அது ஏணி." எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. என் முகத்துக்கு நேரே சிரித்தார், விஷயத்தைச் சொன்னார், முடிந்தது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நேராகச் சொன்னால் தாங்கமாட்டேன் என்று அவர் பிற்பாடு என்னைப் பற்றி நினைத்ததற்கு ஒரு முகாந்திரமும் கிடையாது.

நான் மூணாங்கிளாஸ் வரைதான் படித்தவன். அப்பா நெமிலிச்சேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு வாத்தியத்தைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. எங்கள் கோஷ்டியில் டிரம்ஸ் அடித்தவன் என் மனைவியின் தம்பி. மச்சான்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான். இங்கிலீஷ் நோட்ஸ் எனக்கு வராது. மாஸ்டர் வாயால் பாடிக் காட்டுவார். நான் கழுத்தின் ஓரத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொள்வேன். பேஸ் கம்பி பழசானால் மக்கிப்போன சத்தம் வரும், புதுசுக்கு எங்கே போவது? கழற்றி, சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்தால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்பில் அதுதான் வேகும். மனைவி கத்துவாள்: "ரசம் வெக்கிற குண்டான்ல கம்பிய வேகவெச்சிகினு கீறியே, நாளைக்கு ஊத்திக்க இன்னா வேணும் உனக்கு, துருவா?" கத்திவிட்டு அவளே முறத்தால் அடுப்பை விசிறியும் விடுவாள்.

மதுவிலக்கை எடுத்த புதிது அது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு ஓட்டல்காரர் பின்பக்கத்து ஹாலை பாராக மாற்றி, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்களைப் போட்டார். வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் எனக்குப் பெயர்கூடக் கிடையாது, ஏழாம் நம்பர் மெஷின்தான். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நான் பேஸ் வாசிக்கிறவன். பாட்டு கேட்டுக் குடிக்கிறவர்களுக்கு, பாட்டுக்கு அடியில் கும்மென்று ஓடுகிற பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதில் எனக்குக் குறையில்லை. அவர்களுடைய கால் மேஜைக்கு அடியில் ஆடும். அது ஆடுவது என்னால் என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்றுதான் என்னுடையது.

ஒரு சனிக்கிழமை மேடைப் பலகை அதிரவில்லை. பேஸ் நன்றாகப் பேசினால் முதலில் உள்ளங்காலுக்குத்தான் தெரியும். எங்கள் எல்லாருடைய சத்தமும் போவது ஹாலின் மறுகோடியில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மைக் செட் பெட்டிக்கு. பக்கத்தில் டிரம்ஸ் இடிக்கிற இடியில் மேடையில் நிற்பவனுக்குத் தன் சத்தம் சரியாகக் கேட்காது. இடைவேளையில் மாஸ்டரிடம் கேட்டேன். "ஸ்பீக்கர வெளிப்பக்கம் திருப்பி வெச்சிருக்காங்கப்பா. நமக்குக் கேக்காது, அவங்களுக்கு ஜோரா கேக்குது. நீ வாசி" என்றார். தோளில் தட்டியும் கொடுத்தார். நான் நம்பினேன். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும், அதற்கும் அடுத்த வாரமும் கம்பியை வேக வைத்து, துடைத்து, மாட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் வாசித்தேன்.

நாலாவது சனிக்கிழமை எட்டாம் நம்பர் மெஷின்காரன் அங்கே குடிக்க வந்திருந்தான். திங்கட்கிழமை பட்டறையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "இன்னா மாமே, நீ மேடையில கம்பிய சொறிஞ்சிகினு நின்னியே, சொறிஞ்ச சத்தம்கூட வர்லியே. பொம்மையாட்டம் நிக்க வெச்சிகீறாங்களா உன்ன?"

"போதையில உனுக்கு காது அடச்சிகினு கீது" என்றேன்.

"நான் ஊத்திக்கிறதுக்கு முன்னாடியே கேட்டேன் மாமே. அக்கார்டியன் கேட்டுச்சு, டிரம்ஸ் கேட்டுச்சு. நீதான் கேக்கல."

அந்த வாரம் நாலு உருப்படிக்கு நூலைத் தப்பாக வெட்டினேன். சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஓட்டலுக்குப் போனேன். என் ஒயரை மேடையிலிருந்து கையால் தடவிக்கொண்டே சுவரோரமாகப் போனேன். மைக் செட் பெட்டி வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிருந்தது. அதில் சொருக வேண்டிய பின் மட்டும் வெளியே, சுவரில் ஒரு ஆணியில் மாட்டியிருந்தது. கழன்று விழுந்திருந்தால் கீழே கிடக்கும். இது சுருட்டி, முடிச்சுப் போட்டு, அழகாக மாட்டியிருந்தது. அந்த முடிச்சைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை.

மாஸ்டரும் மச்சானும் வந்தார்கள். ஆணியைக் காட்டினேன். மச்சான் தரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஓட்டல் மேனேஜர்தான் சொன்னாராம்: பேஸ் அடித்தால் அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கின்றன, அந்த ஆளை நிறுத்துங்கள் என்று. உன்னை நிறுத்த மனசு வராமல்தான் இப்படிச் செய்தேன் என்றார் மாஸ்டர்.

"சொல்லியிருக்கலாமே மாஸ்டர். பாட்டிலுக்கு நடுவுல துணி சொருவச் சொல்லியிருப்பேன். இல்ல, வூட்ல குந்தியிருப்பேன்."

"உன் மனசு நோவக்கூடாதுன்னுதாம்பா."

"நாலு வாரமா கை நோவ வாசிச்சேனே, அது பரவால்லியா?"

"இன்னிக்கு ஏறுப்பா. கூட்டம் வந்துகினு கீது. நாளைக்குப் பேசிக்கலாம்" என்று அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

ஏறினேன். ஒயரின் பின் ஆணியிலேயே தொங்கியது. பாட்டு ஆரம்பித்தது. நான் கிடாரை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் அதன்மேல் மடித்து வைத்துக்கொண்டு நின்றேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மச்சான் தடுமாறினான். இத்தனை நாளும் அவன் தாளம் பிடித்தது என் விரலைப் பார்த்து என்பது அவனுக்கே தெரியாது. முதல் பாட்டு ஓட்டமெடுத்தது. இரண்டாவது பாட்டில் அக்கார்டியன் ஒரு பக்கம் போனது, டிரம்ஸ் ஒரு பக்கம் போனது. மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரே மேடைக்குக் கீழே வந்து, "இன்னா மாஸ்டர், இன்னிக்கு ஒரு மாதிரி கீது?" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்து "வாசிப்பா" என்றார். நான் சுவரைக் காட்டினேன்.

அவர் அக்கார்டியனைக் கழற்றி வைத்துவிட்டு, இறங்கி, அத்தனை பேர் பார்க்க ஹாலைத் தாண்டிப் போய், முடிச்சை அவிழ்த்துச் சொருகினார். நான் ஒரே ஒரு பாட்டு வாசித்தேன். பலகை அதிர்ந்தது. பாட்டில்கள் கிணுகிணுத்தன. மூலை மேஜையில் ஒருவர் உள்ளங்கையால் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார். பாட்டு முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கோஷ்டியில் நான் வாசிக்கவில்லை.

மாஸ்டர் மூன்று தடவை பட்டறை வாசலுக்குச் சைக்கிளில் வந்தார். "வாப்பா, இனிமே நானே சொருவறேன்" என்றார். அந்த நாலு சனிக்கிழமைக்கு என்ன சொல்கிறீர்கள் என்று மூன்று தடவையும் கேட்டேன். மூன்று தடவையும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பேன். நல்ல மனுஷன்தான். மச்சான் கல்யாணத்துக்கு அவர்தான் முன்னால் நின்றார். அதனால்தான் இன்னும் எரிகிறது. கெட்டவன் செய்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

போன மாதம் மாஸ்டர் இறந்து முப்பதாம் நாள் பூசை. மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். இப்போது அந்த டிரங்க் ரோடெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டல் இருந்த இடமே அடையாளம் தெரியவில்லை. பூசை முடிந்து அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லாரும் ஒரே பேச்சு: மாஸ்டர் யார் மனசையும் நோகடிக்காதவர். கூட வாசித்தவர் என்று சொல்லி என் கையிலும் மைக்கைக் கொடுத்தார்கள்.

முதலில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். பந்தல் மூலையில் இருந்த பெட்டியில் சத்தம் வந்தது. அப்புறம் சொன்னேன்: "மாஸ்டர் மாதிரி அக்கார்டியன் வாசிக்க ஆள் கெடையாது. என்கிட்ட ஒரு பொய் சொன்னாரு. நான் நோவக்கூடாதுன்னு சொன்னாரு. அத மறச்சிட்டு இன்னிக்கு அவரப் பத்தி நல்லதா மட்டும் பேசினா, அவரு எனக்கு செஞ்சத நான் அவருக்கு செய்யற மாதிரி ஆயிடும்."

மச்சான் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் உட்காரவில்லை. அந்த நாலு சனிக்கிழமையையும் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.