வேதாவின் குரல் பதிந்த கேசட்டுகள்

வேதவல்லி போய்விட்டார் என்று ஜோகுபாளையத்திலிருந்து அவர் கணவர் நாகராஜன் போன் செய்தபோது, நான் டேப் ரெக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் துடைத்தாக வேண்டும் என்பது வேதாவின் உத்தரவு. அழுதுகொண்டே துடைத்து முடித்தேன். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது.

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடங்களைக் கேசட்டில் படித்துக் கொடுக்கும் எங்கள் குழுவை உங்களில் பலருக்குத் தெரியும். தொண்ணூறுகளில் வேதாவும் நானும் சேர்ந்து ஆரம்பித்தது. தேர்வு முடிந்ததும் கேசட்டுகள் திரும்பி வரும். அதன் மேலேயே அடுத்த பாடம். பதிந்தது அழியாமலிருக்கக் கேசட்டின் விளிம்பில் உடைத்த பிளாஸ்டிக் துண்டு இருந்த இடத்தில் செலோடேப் ஒட்டி, வேதா மறுபடி பதியத் தயார்செய்வார். ஸ்பீக்கரின் காந்தம் பதிவைக் கெடுத்துவிடும் என்பதால், அதன் மேலே கேசட்டை வைத்தவர்களுக்கு நல்ல டோஸ் விழும். எனக்கும் விழுந்திருக்கிறது, அதுவும் விருந்தாளிகள் முன்னால்!

ஒருமுறை புதிய சரித்திரப் பாடம் டேப் தீருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அழியாமல் மிஞ்சியிருந்த பழைய பொருளாதாரப் பாடம் அதே வேதா குரலில் தொடர்ந்தது. ரங்கசாமி என்ற மாணவர் அதையும் உருப்போட்டு, சரித்திரப் பரீட்சையில் தனக்காக எழுத வந்தவரிடம் பணவீக்கத்தைப் பற்றிக் கடகடவென்று சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வேதா சிரிக்கவில்லை. "குரல் ஒன்னாயிருந்தா அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? தப்பு நம்மளது" என்றார். அதன்பின் மைக்கை மூடிவிட்டு, மிச்ச டேப்பையும் ஓடவிட்டு வெறுமையாக்கிய பிறகுதான் கேசட் வெளியே போகும்.

காரியம் முடிந்து நான் அவர் வீட்டுக்குப் போனபோது, நாகராஜன் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளை முன்னால் வைத்தார். எல்லாம் வேதா படித்தவை, பாடத்திட்டம் மாறியதால் இனி உதவாதவை. தேர்வு நெருங்கிவிட்டது, கடைகளில் வெற்றுக் கேசட் கிடைப்பதும் குதிரைக்கொம்பாகிவிட்டது. இவற்றில்தான் புதுப் பாடத்தைப் பதிய வேண்டும் என்று வேதா ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அந்த வீட்டில் அவர் குரல் வேறெதிலும் இல்லை. எனக்கு மனசு வரவில்லை. ஒன்றையாவது வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நாகராஜன் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"அவ பேச்ச நான் எப்ப மீறியிருக்கேன்? எல்லாத்தையும் எடுத்துக்கங்க. ஆனா அவ குரல் மேல வேற யாரும் படிக்க வேணாம். நானே படிக்கிறேன்."

அன்றைக்கே உட்கார்ந்தார். முதல் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். முதல் வரியிலேயே அவர் நிறுத்திவிட்டார்.

வேதாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவருடைய பிடிவாதம்தான். காத்திருக்கிற பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஆகவே நான் நாகராஜனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டிவிட்டு, "முதல்லேர்ந்து படிங்க சார்" என்றேன்.

படித்தார்.