குதிரையைக் கொடுத்து வாங்கிய தலை தீபாவளி

நேற்று தேயிலைப் பாக்கெட்டை வெட்டியதும் வந்த வாசனையில், குமுளிக்கு மேலே நான் வேலை பார்த்த ஃபேக்டரிக்கே போய்விட்டேன். வீட்டுக்காரி டீ கேட்டு இரண்டு தடவை கூப்பிட்டாளாம். காதில் விழவில்லை.

தேயிலை காய்கிற டிரையருக்கு அங்கே நாங்கள் இரண்டு பேர். நான் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதிக்காரன், குளிருக்குத் துண்டைக் கட்டி, அதன்மேல் குரங்குக் குல்லாவும் போடுகிற வீரன். மற்றவர் முருகையா அண்ணன், சங்கரன்கோவில் பக்கம். ஒருவருக்குத்தான் லீவு என்றால் எங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்வோம். தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே செஸ் அட்டையை விரிப்போம். ஜெயித்தவர் ஊருக்கு, தோற்றவர் டிரையருக்கு.

அந்த வருஷம் எனக்குத் தலை தீபாவளி. அவர் மகளுக்கும் தலை தீபாவளி. நான் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் மாமனாராக வீட்டில் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் செஸ் புத்தகத்தில் ஒரு முரட்டுத் தொடக்கம் இருந்தது. எடுத்த எடுப்பிலேயே குதிரையைப் பலி கொடுத்து, எதிராளியின் ராஜாவை வெளியே இழுத்து மடக்குவது. பிசகினால் நாம் காலி. இருபது நாள் மனப்பாடம் செய்தேன். பத்தாம் வகுப்பில் இப்படிப் படித்திருந்தால் டிரையர் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

குதிரையைக் கொடுத்தேன்.

"என்ன தம்பி, தீவாளி நெனப்புல குதிரைய விட்டுட்டியா?" என்று சிரித்தபடி ராஜாவால் வெட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ராஜா மாட்டிக்கொண்டது. அவர் நிதானமாக அதை எடுத்துக் குதிரை மாதிரி தாவவிட்டுத் தப்பித்தார். எஸ்டேட் வழக்கம் அது. ஆட்டத்தில் ஒரு தடவை ராஜா தாவலாம். நானே எத்தனையோ முறை தாவியிருக்கிறேன்.

"அப்படித் தாவக் கூடாதுங்கண்ணா. புக்குல இல்லைங்க," என்றேன்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புக்குல இல்லன்னா சரிதான். போய்ட்டு வா."

மாமனார் வீட்டில் புது வேட்டி, மோதிரம், கறிக்குழம்பு. ஒன்றும் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், நன்றாகவே தின்றேன். வெட்கம் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தது.

இனிப்புப் பொட்டலத்தை நீட்டி, "மாப்பிள்ளை வந்தாருங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"வந்துட்டுப் போய்ட்டாவளாம்," என்றார்.

ஃபேக்டரியை மூடிப் பல வருஷம் ஆகிறது. மூடும்வரை இருவரும் தினமும் ஆடினோம். "தாவுங்கண்ணா" என்று நானே கெஞ்சினாலும் அவர் ராஜாவை ஒரு கட்டத்துக்கு மேல் நகர்த்தியதில்லை. லீவு வேண்டுமென்றால் மட்டும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடுவார்.