இரட்டை சைக்கிளின் பின் இருக்கை

தையல்காரருக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஊசிக் காது மறைந்தது, பிறகு துணியின் நிறம், கடைசியில் எதிரில் நிற்பவரின் முகம். கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவரை வெளியே இழுத்து வந்தது அவர் மனைவிதான். பஸ் கண்டக்டராக இருந்தவள். ஓய்வு பெற்ற கையோடு, இரண்டு பேர் மிதிக்கும் நீளமான சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

“இந்த வயசுல இது தேவையா?” என்றார் அவர்.

“ஊரையே ஏத்திக்கிட்டுப் போனவ நான். உங்க ஒருத்தரை ஏத்திக்கிட்டுப் போக மாட்டேனா?”

ஒரு கணக்கு டீச்சர் நடத்தி வந்த சைக்கிள் குழுவில் இருவரும் சேர்ந்தார்கள். கோடை விடுமுறையில் கிராமத்துச் சாலைகளில் நாலைந்து நாள் பயணம். முன்னால் அமர்ந்து அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். “வலது பக்கம் சோளக்காடு. ஒரு கழுதை நம்மளையே பாக்குது. அப்படியே உங்க அண்ணன் ஜாடை.” அவர் சிரிப்பு குழுவின் கடைசி ஆள்வரை கேட்கும்.

மூன்றாவது கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. விடியும் முன்பே கிளம்பியும், அடுத்தடுத்து டயர்கள் பஞ்சராகி, நிழலே இல்லாத சாலையில் உச்சிவெயிலில் மாட்டிக்கொண்டார்கள். நின்ற இடத்தில் அவள் தன் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள்.

“உனக்கு?”

“எனக்கு வேர்க்கவே இல்லையே. நீங்க குடிங்க.”

வேர்வை நின்றுபோவது நல்லதல்ல என்று இருவருக்கும் தெரியாது.

கொஞ்ச தூரத்தில் அவள் பேச்சு குறைந்தது. களைத்துவிட்டாள் போல என்று அவர் பலமாக மிதித்தார். அந்த சைக்கிளில் பின்னால் மிதித்தால் முன்னால் இருப்பவர் காலும் சேர்ந்து சுற்றும். அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டது அதனால் அவருக்குப் புலப்படவில்லை.

“டிக்கெட் எடுத்தாச்சா?” என்றாள் திடீரென்று.

வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். “எடுத்தாச்சு, எடுத்தாச்சு.”

சைக்கிள் கோணிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சாய்ந்தது. முழங்காலில் தவழ்ந்து அவள் கையைத் தேடிப் பிடித்தார். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் சுட்டது. அவர் போட்ட சத்தத்தில் டீச்சரும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். தார்ப்பாயைப் பிடித்து நிழல் கொடுத்து, இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி, குழுவின் சாமான்களை ஏற்றி வந்த வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

“நீங்க என்னப்பா பண்ணுவீங்க?” என்று வெளியூரிலிருந்து வந்த மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“நினைவு தப்பித்தாம்மா அப்படிக் கேட்டிருக்கா. நான் சிரிச்சுட்டேன்.”

மகள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்து மகள் வீட்டுக்கே குடிபோனார். கிளம்புமுன் சைக்கிளைக் குழுவிலிருந்த ஓர் இளம் தம்பதிக்குக் கொடுத்தார். அவர்கள் தயங்கி நின்றபோது, “பேசிக்கிட்டே போங்க,” என்றார். “பேச்சு நின்னா சைக்கிளையும் நிறுத்திடுங்க.”

மகள் வீட்டில் மத்தியானம் எல்லோரும் தூங்குவார்கள். அவர் மட்டும் மின்விசிறிக்கு அடியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பார்.