மாடு தின்ற கவசம்

சுவரில் அண்ணனின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டுகிறார்கள். வாளியிலிருந்து எழும் மைதா பசை வாசனை என்னை ஐந்தாம் வகுப்புக்கே இழுத்துப் போகிறது.

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அண்ணன்தான் ராஜா. அட்டைப் பெட்டியை வெட்டி அவனே கவசம் செய்தான். தோளும் மார்பும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பேப்பரைக் கிழித்துப் பசையில் ஊறவைத்து, அந்தச் சந்துகளையெல்லாம் அடைத்து, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினான். மேலே ஜிகினா ஒட்டுவதுதான் பாக்கி. வாசலில் காயவைத்துவிட்டு, "மாடு வரும், பாத்துக்கடி. எங்கனா போன, தோல உரிச்சிடுவேன்" என்று சொல்லிக் குளிக்கப் போனான்.

நான் பாண்டி ஆடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாடு கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது.

அண்ணன் அடிக்கவில்லை. "ராஜாவையே துன்னுடுச்சு பாரு" என்று சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வேறொரு பையன் ராஜாவானான். அண்ணன் அதன்பிறகு மேடையே ஏறவில்லை.

ஒட்டியவர்கள் போய்விட்டார்கள். போஸ்டர் இன்னும் ஈரம். தெருமுனையில் ஒரு மாடு இந்தப் பக்கம் திரும்புகிறது.

"அத்தை, உள்ள வாங்க. அப்பாவ எடுக்கப் போறாங்க" என்று அண்ணன் மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"பசை காயலடி" என்கிறேன். நகர முடியவில்லை.