கையெழுத்துப் போட்டவர் கணவர்தானா?

நடுவில் மூன்று வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று நாலைந்து பேர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர், 'உடம்புக்கு ஏதாவது?' என்று கவலைப்பட்டிருக்கிறார். இன்னொருவர், 'நிம்மதியாக இருந்தது' என்று எழுதியிருக்கிறார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு ஃபாரம் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஃபாரத்துக்கு மூன்று வாரமா? ஆமாம். எம்.ஏ. வகுப்பில் சேருவதற்கான ஃபாரம். காலேஜ் ஆபீசில் அதைப் பரிசோதிக்கிற தலைமை குமாஸ்தா யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்.

'அப்படியானால் சுலபமாச்சே!' என்கிறீர்களா? உங்களுக்கு அவரைத் தெரியாது.

பி.ஏ. பரீட்சை முடிந்த பதினோராம் நாள் எனக்குக் கல்யாணம். மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையைப் புடவைகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டு, மலையாளம் புழங்கும் கரமனைக்கு வந்தேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இந்த வருஷம் சரித்திரத்தில் எம்.ஏ. வகுப்புக்குப் பத்துப் பேரை எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். கூடவே ஒரு நிபந்தனை - முப்பது வயதுக்கு மேல் கிடையாது. எனக்கு முப்பது ஆக நாலே மாதம். இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

அன்று காலை அவர் கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏன்னா, நான் எம்.ஏ. படிக்கலாம்னு இருக்கேன்."

"படியேன். நன்னா படி" என்றார். கத்தி நிற்கவே இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ வரச்சே ஒரு ஃபாரம் கொண்டு வாங்கோளேன்."

கத்தி நின்றது. "அது பற்றாது, முடியவே முடியாது. ஆபீஸ் ஜன்னல்லே வந்து வாங்கிக்கோ. எல்லாரும் அப்படியாக்கும் வாங்கறா."

போனேன். பஸ் பிடித்து, வெயிலில் வரிசையில் நின்று, ஜன்னலுக்கு வந்தேன். உள்ளே அவர். காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த அதே கோட்டு.

"யெஸ், மேடம்?" என்றார்.

கல்யாணமாகி முதல் தடவையாக மேடம்! "ஃபாரம்" என்றேன். கொடுத்தார். "நெக்ஸ்ட்!" என்றார்.

ஃபாரத்தோடு என்னென்ன வைக்க வேண்டும்? பி.ஏ. சர்ட்டிபிகேட், மார்க் விவரம், வயதுக்கு அத்தாட்சி, கடைசியாகப் படித்த காலேஜிலிருந்து நன்னடத்தைச் சான்று. பழைய பிரின்சிபால் அம்மாளைப் போய்ப் பார்த்தேன்.

"படிக்கும்போது உன் நடத்தை நன்றாகத்தான் இருந்தது. இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்டார்.

"பத்திரிகையில் எழுதுகிறேன்" என்றேன்.

பேனாவைத் திறந்தவர் மூடினார். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். நாலாம் நாள் அஞ்சல்காரர் ஒரு நீளப் பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். 'அம்மணி, தங்கள் விண்ணப்பம் குறையுள்ளதாகத் திருப்பி அனுப்பப்படுகிறது. விவாகமான பெண்கள் கணவரின் சம்மதக் கடிதத்தை இணைக்க வேண்டும்.' அடியில் அழகான கையெழுத்து. போட்டவர் பத்தடி தள்ளி உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இதை நேத்திக்கே வாயால சொல்லியிருக்கப்படாதோ?"

"ஆபீஸ் காரியம் கடுதாசியிலேதான் வரணும்."

"சரி. இப்போ நீங்க ஆபீசர் இல்லே, ஆம்படையான். சம்மதமா, இல்லையா?"

"சம்மதம்தான்."

"எழுதிக் கொடுங்கோ."

எழுதினார். அப்படி ஒரு கடிதத்தை அவர் எனக்கு அதற்கு முன் எழுதியதே இல்லை. 'என் மனைவி மேற்படிப்புப் படிப்பதில் எனக்குப் பூரண சம்மதமும் மிகுந்த மகிழ்ச்சியும்.' மிகுந்த மகிழ்ச்சியாம்! இரண்டு தடவை படித்துவிட்டு, மனசில்லாமல்தான் உறையில் போட்டேன்.

வியாழக்கிழமை அதுவும் திரும்பி வந்தது. 'கணவரின் கையெழுத்து உண்மையானதுதான் என்று ஒரு கெஜட்டட் ஆபீசர் அத்தாட்சி செய்ய வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.'

வெள்ளிக்கிழமை என்றால் மறுநாள்! சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கடிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்புறம் எதுக்கு அத்தாட்சி?"

"எனக்குத் தெரியும். ஆபீசுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே ஆபீஸ்!"

"அதனாலேயாக்கும் கேக்கறேன். என் கையெழுத்தை நானே சரின்னு எழுதிக்க முடியுமோ?"

அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருஷம் பொறுத்தது, இந்த ஒரு காகிதத்தில் போய்விடும் போலிருந்தது. அடுக்களைக்குப் போய் அடுப்பை ஊதினேன். அணைந்திருந்த அடுப்பு அது. பரவாயில்லை என்று ஊதினேன்.

பின்னாலேயே வந்து நின்றார்.

"இங்கே பாரு. போன வருஷம் நம்ம தெருவிலேயே ஒருத்தர் பிள்ளையோட ஃபாரத்தை இதே மாதிரி திருப்பி அனுப்பினேன். இன்னும் குளிக்கற கடவுப் படித்துறையிலே என்னை வைஞ்சிண்டிருக்கார். நாளைக்கு உனக்கு இடம் கிடைச்சா, ஹெட் கிளார்க் ஆம்படையாளுக்குக் கிடைக்காம இருக்குமோன்னு ஒரு ஈ காக்கா சொல்லப்படாது, கேட்டயா? உனக்குக் கிடைச்சதுன்னு சொல்லணும்."

கோபம் போகவில்லை. ஆனால் பாதி போயிற்று. மீதிப் பாதியை நாளைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

சரி, காலையில் ஆபீஸ் போவதற்குள் கெஜட்டட் ஆபீசருக்கு எங்கே போவது? தெரிந்த முன்சீப் லீவில் ஊருக்குப் போயிருந்தார். தெரிந்த இன்ஜினீயர் முகாமில். மிச்சம் ஒரே ஒருவர் - மிருக ஆஸ்பத்திரி டாக்டர் குறுப்பு. எங்கள் பசுவுக்கு வைத்தியம் பார்க்கிறவர். கெஜட்டட் ஆபீசர்தானே?

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு என் வீட்டுக்காரரை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு ஆட்டின் வாயைத் திறந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஆட்டை விடாமலே எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அம்மா, இது உங்க பர்த்தாவு தன்னே?"

"ஒன்பது வருஷமா" என்றேன்.

"மதி, அது போதும். கொடுங்க, ஒப்பு போடறேன்."

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "டாக்டர், கல்யாணத்துக்கு ஏதாவது ரிக்கார்டு பார்க்க வேண்டாமோ? உங்க முன்னாலேயே நான் இன்னொரு தரம் கையெழுத்துப் போட்டுக் காட்டட்டுமா?"

டாக்டர் ஆட்டை விட்டுவிட்டார். "சாமி, நான் பசுவுக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்கும்போதுகூட இத்தனை சோத்யம் கேட்கறதில்லை!"

கையெழுத்துப் போட்டார். கீழே வட்டமாக மிருக ஆஸ்பத்திரி சீல். என் கணவர் என் கணவர்தான் என்பதற்கு இன்றைய தேதியில் சர்க்கார் ஆதாரம் அது ஒன்றுதான்.

பதினொரு மணிக்கு ஜன்னலில் கொடுத்தேன். அந்த மிருக ஆஸ்பத்திரி முத்திரையை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். விதிப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தார். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"கெஜட்டட் ஆபீசர்னுதான் இருக்கு. மனுஷ டாக்டரா, மாட்டு டாக்டரான்னு பிரிக்கல்லே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டக்கென்று முத்திரை குத்தினார். "நெக்ஸ்ட்!"

அதற்கப்புறம் என் ஃபாரத்தை அவர் தொடவில்லை. 'விண்ணப்பதாரர் என் மனைவி. இனிமேல் இந்தக் காகிதத்தை வேறொருவர் பார்க்கட்டும்' என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். இன்டர்வியூ நாளில் லீவும் போட்டுவிட்டார்.

மூன்று புரொபசர்கள். ஒருவர் மராட்டியர் வரி விதிப்பைப் பற்றிக் கேட்டார். பாதி சரியாகச் சொன்னேன். மீதி தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீங்கள் இங்கே வந்துவிட்டால் வீட்டுக் காரியம்?" என்று கேட்டார்.

"காய் நறுக்குவது ஏற்கனவே அவர் இலாகா, சார். மீதியையும் படிப்படியாக மாற்ற உத்தேசம்."

மூன்றாமவர் சிரித்தார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. அவருக்கும் வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறாள் போலிருக்கிறது...

முடிவு வெளியான அன்று நான் காலேஜ் வராந்தாவுக்குப் போனேன். பலகை முன்னால் ஒரே கூட்டம். நடுவில் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது - என் வீட்டுக்காரர்! ஆபீசுக்குள்ளேயே கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. இளவட்டங்களின் முழங்கையில் இடிபட்டுக்கொண்டு நின்றார். ஒன்பதாவது பேரில் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இனிஷியல் சரியாத்தான் போட்டிருக்கா" என்றார்.

மீதிப் பாதிக் கோபமும் அப்போது போயிற்று.

போன வாரம் வகுப்பு ஆரம்பித்தது. ஒன்பது ஆண்கள், நான் ஒருத்தி. பக்கத்து பெஞ்சில் நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு ஸ்கூல் வாத்தியார். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுப் படிக்க வந்திருக்கிறார். கல்யாணமானவர். என் கடிதக் கதையைச் சொல்லி, "உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வீட்டிலே சந்தோஷமா அனுப்பி வைச்சாளா?" என்று கேட்டேன்.

மனிதர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா பேசுங்க அக்கா. வீட்டுல இன்னும் சொல்லல்ல. ஏதோ டிரெயினிங்குக்கு வந்திருக்கேன்னு அவ நெனச்சிட்டு இருக்கா, கேட்டியளா..."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. (பயப்படாதீர்கள், ஊரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அங்கேயும் இந்தப் பத்திரிகை போகிறது.) ஆனால் இதை என் வீட்டுக்காரரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால், அடுத்த வருஷ ஃபாரத்தில் 'விவாகமான ஆண்கள் மனைவியின் சம்மதக் கடிதத்தை இணைக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மேலே எழுதிவிடுவார்.

அப்புறம் அந்த வருஷம் வகுப்புக்கு வருகிறவள் எவளோ, பாவம், தனியாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்!